கம்பி மத்தாப்பு மட்டும் கொடுத்தால் போதுமா?

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 5. சென்ற தீபாவளியன்று சின்னவன் எரிந்து கிடந்த கம்பி மத்தாப்பை மிதித்துவிட்டான். பக்கத்து வீட்டில் டூத்பேஸ்ட் தடவச் சொன்னார்கள், தடவினோம். புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போதும் உள்ளங்காலில் தழும்பு தடித்திருக்கிறது. இந்த வருடம் வெடியே வேண்டாம், கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அது போதுமா? போன வருடம் மழையால் வெடிக்காமல் மிஞ்சிய பட்டாசு ஒரு பெட்டி பரணில் இருக்கிறது. வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா? மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு. காயம் பட்டால் முதலில் என்ன செய்வது என்பதையும் விளக்கமாகச் சொல்லுங்கள், டாக்டர்.

தீக்காய, பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. வெடியைக் குறைத்தால் விரல் சிதைவது, கண்ணில் அடிபடுவது, காது பாதிக்கப்படுவது போன்ற பெரிய காயங்கள் குறையும். ஆனால் 5 வயதுப் பிள்ளைக்குத் தீக்காயம் என்று வரும்போது வெடியைவிட மத்தாப்பும் புஸ்வாணமும்தான் கவலை தருபவை. அணுகுண்டைப் பற்றவைத்தால் எல்லோரும் ஓடி ஒதுங்கிவிடுகிறோம். கம்பி மத்தாப்பைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறோம். உங்கள் மகனுக்கு நேர்ந்ததையும் கவனியுங்கள். அவனைச் சுட்டது எரிந்துகொண்டிருந்த மத்தாப்பு அல்ல, அணைந்து கிடந்த கம்பி. பட்டாசுக் காயங்களில் கணிசமானவை இப்படி ‘முடிந்துவிட்டது’ என்று நினைத்த பிறகு வருபவைதான்: அணைந்த கம்பி, வெடிக்காத வெடி, மறுநாள் காலையில் பொறுக்கியெடுத்த மிச்சம்.

முதலில் கம்பி மத்தாப்பு. அதில் இருப்பது உலோகப் பொடியும் அதை எரியவைக்கும் நைட்ரேட் உப்பும். அலுமினியப் பொடி வெள்ளை ஒளியைத் தருகிறது, இரும்புப் பொடி பூப்பூவாகச் சிதறுகிறது. எரியும் முனையில் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிதறும் பொறி மிகச் சிறியது, தோலில் பட்டதும் ஆறிவிடும். அதனால்தான் ‘பூ மாதிரி விழுகிறது, ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கை நமக்கு வந்துவிட்டது. பொறி ஆறிவிடுகிறது, கம்பி அப்படி ஆறுவதில்லை. மருந்து எரிந்து முடிந்து சிவப்பு மறைந்து கறுத்த பிறகும் அது தோலை ஆழமாகச் சுடும் அளவுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும். இருட்டில் கறுத்த கம்பி கண்ணுக்குத் தெரியாது. தரையில் கிடக்கும் கம்பியில் எது பிடிக்கும் முனை, எது எரிந்த முனை என்றும் பிள்ளைக்குத் தெரியாது. மிதித்தால் கம்பி பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அலறியபடி காலை இன்னும் அழுத்தி ஊன்றுவார்கள். காயம் ஒரு கோடு போலச் சிறியதாகத் தெரிந்தாலும் ஆழம் அதிகமாக இருப்பது இதனால்தான்.

ஆகவே மத்தாப்பு வாங்குவதற்கு முன் வாளியை எடுத்து வையுங்கள். பாதியளவு தண்ணீர் ஊற்றிய வாளி, இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று, நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில். எரிந்த கம்பி கையிலிருந்து நேராக வாளிக்குள் போக வேண்டும், தரையைத் தொடவே கூடாது. பெட்டியில் 10 கம்பி இருந்தால், முடிந்ததும் வாளியிலும் 10 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் டார்ச் அடித்துத் தேடி எடுத்த பிறகே அடுத்த பெட்டி. உங்கள் 9 வயது மகளிடம் இந்த எண்ணும் வேலையைக் கொடுங்கள், பெரியவர்களைவிடச் சரியாகச் செய்வாள். மணல் வாளி தீயை அணைக்க நல்லது, கம்பிக்கு அவ்வளவு பொருத்தமில்லை. மணலில் செருகிய கம்பி ஆறுவதற்கும் நேரமாகும், மேலே நீட்டிக்கொண்டும் நிற்கும்.

5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கையில் மத்தாப்பே கொடுக்கக் கூடாது. உங்கள் மகன் அந்த வயதை எட்டியிருக்கிறான், ஆனாலும் தனியாகப் பிடிக்க விடாதீர்கள். நீங்கள் அவனுக்குப் பின்னால் நின்று, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கை முழுவதும் முன்னால் நீண்டிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 7 செ.மீ., 10 செ.மீ. மத்தாப்பு ‘குழந்தைகளுக்கானது’ என்று விற்கிறார்கள். உண்மையில் பிடிக்கும் விரலுக்கும் எரியும் மருந்துக்கும் இடைவெளி அதில்தான் மிகக் குறைவு. 50 செ.மீ. கம்பியின் பாரத்தைச் சின்னக் கை தாங்காது, முனை கீழே சாய்ந்து பாவாடையிலோ பாதத்திலோ படும். 15 செ.மீ. அல்லது 30 செ.மீ. வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு கையில் ஒரு கம்பி மட்டும். மூன்று நான்கைச் சேர்த்துப் பிடித்தால் ஒன்றின் சூட்டில் மற்றது ஒரே நொடியில் குப்பென்று பற்றி, சுவாலை விரல் வரை வந்துவிடும்.

பெரியவர்கள் மறந்துவிடும் இன்னொன்று உயரம். நீங்கள் இடுப்பு உயரத்தில் பிடித்திருக்கும் மத்தாப்பு உங்கள் மகனுக்கு முக உயரத்தில் இருக்கிறது. அதை அவன் மத்தாப்பைப் பற்றவைக்கக் குனிந்து நீட்டும்போது அவன் கண்ணை நோக்கித்தான் நீட்டுகிறீர்கள். ஒரு மத்தாப்பிலிருந்து இன்னொன்றைப் பற்றவைக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். ஒரு மூலையில் செங்கல்லின் மேல் அகல்விளக்கு ஒன்றை வைத்து, ஒவ்வொருவராக அங்கே போய்ப் பற்றவைத்துக்கொண்டு தள்ளி வரட்டும். பிள்ளைகளுக்கிடையே குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் மத்தாப்பு பிடிக்கக் கூடாது. அணைந்த கம்பியை மரத்திலோ மின்கம்பியிலோ போய்த் தொங்கட்டும் என்று வீசி எறியும் விளையாட்டையும் தடுங்கள். அது கீழே யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது, மின்கம்பியில் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்.

புஸ்வாணத்தில் ஆபத்து வேறு வகை. மண் குடுவைக்குள் மருந்து இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது. எரியும்போது உண்டாகும் வாயு மேலே உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வேகம்தான் பொறியை ஆளுயரத்துக்கு மேல் தள்ளுகிறது. துளை அடைத்துக்கொண்டாலோ, மருந்தில் விரிசல் இருந்து தீ ஒரேயடியாக உள்ளே இறங்கினாலோ, வாயு போக வழியின்றிக் குடுவையே வெடிக்கும். ஈரம் பட்டு உலர்ந்ததிலும், பயணத்தில் குலுங்கி விரிசல் விட்டதிலும் இது நடக்கிறது. அதைவிட அதிகம் நடப்பது இன்னொன்று: பற்றவைத்ததும் முனை மினுமினுவென்று கனன்று அடங்கியது போல் தோன்றும், ‘அணைஞ்சிடுச்சு’ என்று பிள்ளை குனியும், அந்த நொடியில் பீறிடும். புருவம், இமை, கன்னம், வலது கை என்று ஒரே சமயத்தில் வெந்துவிடும்.

புஸ்வாணத்தைப் பெரியவர் ஒருவர் மட்டும் பற்றவைக்கட்டும். சமதளமான வெறுந்தரையில் வையுங்கள், கையில் பிடிக்கவே கூடாது. உச்சியில் ஒட்டியிருக்கும் தாளைப் பக்கவாட்டில் லேசாகக் கிழித்தால் போதும், குச்சியால் துளையைக் குத்திப் பெரிதாக்க வேண்டாம். நீளமான ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு, நேர் எதிரே குந்தாமல், பக்கவாட்டில் ஒரு காலைப் பின்னால் வைத்து நின்று, கையை முழுக்க நீட்டி, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நெருப்பைக் காட்டுங்கள். தீக்குச்சியும் லைட்டரும் இதற்கு ஆகாது, அவை கையை மருந்துக்கு மிக அருகில் இழுத்துக்கொண்டுபோகும். பற்றியதும் மூன்று நான்கு மீட்டர் பின்னால் வந்துவிடுங்கள். பிள்ளைகள் நிற்கும் கோட்டைச் சாக்பீஸால் 5 மீட்டர் தள்ளி முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பற்றாவிட்டால் அன்றைக்கு அந்தப் புஸ்வாணம் அவ்வளவுதான். அரை மணி நேரம் யாரும் கிட்டே போகாமல், பிறகு தள்ளி நின்றே ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். இரண்டாம் முறை ஊதுபத்தி வைக்க வேண்டாம்.

தரைச்சக்கரத்துக்கு வழவழப்பான சிமெண்டுத் தரை வேண்டும். மேடுபள்ளத்தில் எகிறிப் புடவைக் கொசுவத்துக்குள் ஓடும். சாட்டையையும் பென்சிலையும் பிள்ளைகள் சுழற்றுவார்கள் என்பதால் இந்த வருடம் தவிர்த்துவிடலாம். பாம்பு மாத்திரையை வாங்கவே வேண்டாம். நெருப்பும் சத்தமும் இல்லாத அதுதான் மிக மோசமான புகையைக் கக்குகிறது. 2016இல் புனேயில் ஆறு வகைப் பட்டாசுகளின் புகையை அளந்து பார்த்தபோது, நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள்களை அதிகம் வெளியிட்டது சரவெடியோ புஸ்வாணமோ அல்ல, பாம்பு மாத்திரைதான். பிள்ளைகள் அதன் மேல் குனிந்துதான் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆஸ்துமா உள்ள வீட்டில் அது கூடவே கூடாது.

பரணில் இருக்கும் பெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காயவைக்க வேண்டாம், இந்த ஒன்றில் எந்த விலக்கும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிய மருந்தில் உப்பு கரைந்து இடம் மாறி மறுபடி கட்டியாகியிருக்கும். காய்ந்த பிறகு அது ஓரிடத்தில் மெதுவாகவும் ஓரிடத்தில் படுவேகமாகவும் எரியும். திரியும் அப்படித்தான்: ஒன்று கையை எடுப்பதற்குள் உள்ளே போய்விடும், அல்லது நின்று நின்று எரிந்து ஆளைக் கிட்டே வரவழைக்கும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் புகுந்தால், வேதிவினையால் அது தானாகவே சூடாகவும் கூடும். அதை மொட்டைமாடியில் அக்டோபர் வெயிலில் பரப்புவதும், அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதும், அயர்ன் பாக்ஸ் போடுவதும் உயிரோடு விளையாடுவது. பெட்டியில் இருப்பதை வெட்டவெளியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் முழுவதுமாக அமிழ்த்தி, மிதக்காமல் மேலே ஒரு கல்லை வைத்து, இரண்டு நாள் ஊறவிடுங்கள். அட்டை கரைந்து மருந்து குழம்பாகும் வரை விட வேண்டும். வாளியை வெறுமனே திறந்து வையுங்கள், மூடி போட்டு இறுக்க வேண்டாம். பிறகு ஈரமாகவே சாக்கில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் ‘ஊறவைத்த பட்டாசு’ என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். மற்ற குப்பையோடு கலந்து போட்டால் குப்பையைப் பிரிப்பவர் கையில் அது வெடிக்கலாம்.

அதே வாளி தீபாவளிக்கு மறுநாள் காலையிலும் தேவைப்படும். பிள்ளைகள் தெருவில் வெடிக்காத குருவி வெடி, லட்சுமி வெடியைப் பொறுக்கி, தாளைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவார்கள். வெடி வெடிக்கும்போது மருந்து தாள் சுற்றுக்குள் இருக்கிறது. கொட்டிக் கொளுத்தும்போது அது திறந்த தீப்பிழம்பாக ஒரே கணத்தில் முகத்துக்கு எழும்புகிறது. குனிந்திருக்கும் முகமும் இரண்டு கைகளும் வெந்து வருவது இந்த விளையாட்டில்தான். முதல் நாள் இரவே பெரியவர்கள் துடைப்பத்தோடு இறங்கி, தண்ணீர் தெளித்து, கூட்டி, எல்லாவற்றையும் வாளிக்குள் தள்ளிவிட்டால் பிள்ளைகளுக்குப் பொறுக்க எதுவும் மிஞ்சாது.

உங்கள் வீட்டில் வெடி இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். வேடிக்கை பார்த்தவர்களுக்கும் கண்ணில் அடிபடுகிறது. அதனால் குடியிருப்பு சங்கத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெடிக்க ஒரே இடம், அதுவும் கார் நிறுத்துமிடத்துக்கு வெளியே. சாக்கடை மூடியின் மேல் எதையும் கொளுத்தக் கூடாது. உள்ளே தேங்கியிருக்கும் வாயு பற்றினால் இரும்பு மூடியே எகிறும். தேங்காய்ச் சிரட்டை, தகர டப்பா, பாட்டில் இவற்றால் வெடியை மூடிக் கொளுத்துவது வெடியைக் குண்டாக மாற்றுவது, சில்லுகள் நாலாபுறமும் பாயும். திரியைக் கிள்ளிக் குறைப்பதும் கூடாது, ஓடுவதற்காக விட்ட சில விநாடிகளைத்தான் கிள்ளி எறிகிறீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் ராக்கெட் விட்டால் கிளம்பும் வேகத்தில் பாட்டில் சாய்ந்து அது பால்கனிக்குள் பாயும். வானில் பல முறை வெடிக்கும் ஷாட் பெட்டிகளை இரண்டு பக்கமும் செங்கல் அணைத்து வைக்க வேண்டும். முதல் இரண்டு ஷாட்டின் உதைப்பில் பெட்டி சாய்ந்துவிட்டால் மீதி எல்லாம் கூட்டத்தை நோக்கித்தான் வரும். குடித்தவர் கையில் ஊதுபத்தி கொடுக்க வேண்டாம். இதைச் சங்கத்தில் சொல்லத் தயங்குவார்கள், சொல்லத்தான் வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும்தான் பட்டாசு வெடிக்க அனுமதி தந்துவருகிறார்கள். அந்த உத்தரவின்படி சரவெடிக்கும் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுக்கும் தடை, ஆன்லைன் விற்பனைக்கும் தடை. ‘பசுமைப் பட்டாசு’ என்ற அடையாளமும் கியூஆர் கோடும் உள்ளதா என்று பார்த்து, உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள். பசுமைப் பட்டாசு புகையைக் குறைக்கிறது, ஆனால் சூடு குறைவதில்லை. அதன் மத்தாப்புக் கம்பியும் அதே போலச் சுடும். பெயரில்லாத, மலிவான இறக்குமதிச் சரக்கில் குளோரேட் இருக்கலாம். கந்தகத்தோடு குளோரேட் சேர்ந்த கலவை உரசலிலேயே வெடிக்கும் என்பதால்தான் 1992 முதல் இந்தியாவில் அதற்குத் தடை.

உடை விஷயத்தில் பண்டிகையே நமக்கு எதிராக இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் புத்தாடை, அந்தப் புத்தாடையோடு பட்டாசு. பிள்ளைகளின் பண்டிகை உடையில் நெட், சாட்டின், பாலியஸ்டர் அதிகம். பாலியஸ்டரும் நைலானும் எரிவதோடு உருகித் தோலில் தார் போல ஒட்டும். பருத்தியும் எரியும், ஆனால் உருகாது. புத்தாடையில் படம் எடுத்துக்கொண்டு, பட்டாசுக்கு உடலோடு ஒட்டிய பருத்திச் சட்டை, பேண்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். தலைமுடியைப் பின்னிக் கட்டுங்கள். துப்பட்டாவும் முந்தானையும் இடுப்பில் செருகியிருக்கட்டும். காலுக்குச் செருப்பு போதாது, பள்ளி ஷூவே போடட்டும். கண்ணுக்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், பக்கவாட்டும் மூடிய வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி ஆளுக்கொன்று வாங்குங்கள். மொத்தப் பட்டாசுச் செலவில் இதுதான் மிகப் பயனுள்ள செலவு. இன்னும் கொளுத்தாத பட்டாசை வீட்டுக்குள் மூடிய பெட்டியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாருங்கள். சட்டைப்பையில் வைக்கக் கூடாது, விளக்கு வைத்த வாசற்படியிலும் வைக்கக் கூடாது.

இனி முதலுதவி. காயத்தில் டூத்பேஸ்ட் தடவியதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம், நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சூடான கம்பியை எடுத்த பிறகும் தோலுக்குள் தேங்கிய சூடு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கிறது, அதாவது காயம் இன்னும் ஆழமாகிக்கொண்டிருக்கிறது. டூத்பேஸ்ட், இங்க், நெய், மஞ்சள், காபித்தூள், தோசைமாவு எல்லாம் அந்தச் சூட்டை மூடி உள்ளேயே வைத்துவிடும். சீழ்ப்பிடிக்கும் வாய்ப்பும் கூடும். காயத்தின் ஆழத்தைப் பார்க்க மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டிவரும், அது பிள்ளைக்கு இரண்டாவது வேதனை. ஐஸ்கட்டியும் வேண்டாம். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பிழைக்கக்கூடிய தோலையும் சாகடிக்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றே: குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்தில் பிள்ளை அழுகையை நிறுத்தியதும் விட்டுவிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. வலி குறைந்தாலும் உள்ளே சூடு இருக்கிறது. காயத்தின் மேல் மெல்லிய தாரையாக விழட்டும், வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் வாளியிலிருந்து சொம்பால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். அதனால் பட்டாசுக்கு இறங்குமுன் கம்பி போடும் வாளியைத் தவிர, சுத்தமான தண்ணீர் இரண்டு வாளி தனியாக இருக்கட்டும். உடனே செய்யத் தவறினாலும், காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. தண்ணீர் ஊற்றும்போதே மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அரை மணி நேரத்தில் வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். காயத்தைச் சுற்றியுள்ள துணியை எடுத்துவிடுங்கள். தோலோடு ஒட்டிய பகுதியை மட்டும் இழுக்காமல், சுற்றிக் கத்தரித்து அப்படியே விடுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பெரிய காயம் என்றால் காயத்துக்கு மட்டும் தண்ணீர், மற்ற உடம்பைப் போர்வையால் போர்த்துங்கள். உடல் முழுவதும் நனைத்தால் குளிர்ந்து நடுங்கி நிலைமை மோசமாகும்.

அதன் பிறகு சமையலறையில் உணவு மூடும் கிளிங் ஃபிலிம் இருந்தால் முதல் சுற்றை எறிந்துவிட்டு, அடுத்ததைக் காயத்தின் மேல் நீளவாக்கில் வையுங்கள். கையைச் சுற்றி இறுக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் துவைத்துக் காய்ந்த பருத்தி வேட்டித் துண்டு போதும். பஞ்சு வைக்க வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஒரு வேளைக்குப் பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. இப்போதே எடையைப் பார்த்து, உங்கள் வீட்டில் உள்ள மருந்தில் அது எத்தனை மில்லி என்று மருந்தாளரிடம் கேட்டுப் பாட்டிலில் எழுதி ஒட்டிவையுங்கள்.

எப்போது மருத்துவமனை? பிள்ளையின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவன் உடம்பின் ஏறத்தாழ 1 சதவீதம். அந்த அளவை மீறும் காயம் எதையும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு 5 சதவீதத்தை, பெரியவர்களுக்கு 10 சதவீதத்தை எட்டினால் தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். சென்னைப் பக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு மடிப்பு இவற்றில் பட்டால் அளவு பார்க்கவே வேண்டாம், புறப்படுங்கள். வெடித்துக் கிழிந்த காயமும் அப்படியே. காயம் வெளுத்தோ பழுப்பாகவோ இருந்து, தொட்டால் வலிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் நிம்மதி அடையாதீர்கள், வலி நரம்பும் வெந்துவிட்டது என்று அர்த்தம். கம்பி மத்தாப்புக் காயத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். உள்ளங்காலில் தோல் தடிமன் என்பதால் ஆழம் முதல் நாளில் தெரியாது. இரண்டு வாரத்தில் ஆறாத எந்தத் தீக்காயமும் தடித்த தழும்பாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்தக் கெடுவுக்குள் தீக்காய மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், டெட்டனஸ் ஊசி தேவையா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

உடையில் தீப்பிடித்தால் ஓட விடாதீர்கள். ஓடினால் காற்றில் தீ முகத்துக்கு ஏறும். தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள், தண்ணீரை ஊற்றுங்கள், கனமான பருத்திப் போர்வையோ சாக்கோ போட்டு அமுக்குங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101.

கண்ணில் சாம்பலோ மருந்துத் தூளோ விழுந்தது என்றால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவலாம். வெடித்துச் சிதறிய துண்டு வேகமாக வந்து அடித்தது என்றால் எதையும் செய்ய வேண்டாம்: கழுவவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம். விழி கிழிந்திருந்தால் லேசான அழுத்தம்கூட உள்ளிருப்பதை வெளியே தள்ளிவிடும். காகிதக் கப் ஒன்றைக் கண்ணைத் தொடாமல் எலும்பின் மேல் கவிழ்த்து டேப் போட்டு ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம், வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதையும் கொடுக்காதீர்கள். பார்வை நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. அடிபட்ட கண்ணில் விழித்திரை விலகுவதும் கண் அழுத்தம் ஏறுவதும் வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரும்.

மாமியாரை அந்த நாள் வீட்டின் உள் அறையில், ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து இருக்கச் சொல்லுங்கள். தடுப்பு இன்ஹேலரை ஒருவேளைகூட விடக் கூடாது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மூச்சிறைத்தால் எடுக்கும் இன்ஹேலரும் ஸ்பேஸரும் தலைமாட்டில் இருக்கட்டும். அதில் மருந்து எத்தனை முறைக்கு மீதி இருக்கிறது என்று முந்தின நாளே பாருங்கள், கடை திறந்திருக்காது. அதை எடுத்தும் மூச்சு அடங்கவில்லை, தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். துணி முகக்கவசம் இந்தப் புகைக்கு உதவாது, வெளியே வர வேண்டியிருந்தால் என்95 போட்டுக்கொள்ளட்டும்.

காது பற்றி ஒரு வரி. வெடிச்சத்தத்துக்குப் பிறகு யாருக்காவது காதில் ரீங்காரமோ அடைப்போ மறுநாள் வரை நீடித்தால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சைக்குப் பலன் முதல் சில நாட்களில்தான் அதிகம்.

கடைசியாக, சின்னவனின் தழும்பு. ஒரு வருடம் ஆகியும் தடிப்பாக இருப்பதால் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இன்னும் சிவந்திருந்து அரிப்பெடுத்தால் தழும்பு அடங்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் சிலிகான் ஜெல் தகட்டை ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், சில மாதங்கள் தொடர்ந்து வைத்தால் தட்டையாக வாய்ப்புண்டு. தேங்காயெண்ணெய் தொட்டு, தினம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். வறண்ட தழும்பு வெடிக்காமல் இருக்கும், இறுக்கமும் தளரும். முக்கியமாக அவனை வெறுங்காலோடு நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விரல் ஏதாவது கீழே இழுபட்டு மடங்கியிருக்கிறதா, பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கிறானா, ஷூ ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா? பாதம் வளரும், தழும்பு கூடவே வளராது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.